அக்கா பொண்ணும் 108 கரணமும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, பதிவு பக்கமே வர முடியல. போன சனி ஞாயிறு ஊருக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இங்க கொட்டிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

ஊர்னா விருத்தாசலம். பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மைன்னு எங்க ஊர் சூளையில வெந்து வெளியூர் போற சாமான் நிறைய. அக்கா வீட்டுக்காரர் அப்படி ஒரு யூனிட்லதான் வேலை பார்க்கறார். அவங்க பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா, கட் ஆஃப் நல்லாவே வந்திருக்கு. கவுன்சலிங் வரப் போகுது. இந்த நேரத்துல அம்மணி குண்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க: "எனக்கு டான்ஸ்தான் வேணும்." ஏழு வயசுல இருந்து பரதம் கத்துக்கறா. இப்ப அதுவும் போதலையாம், கன்டெம்பரரி டான்ஸ் கத்துக்கணுமாம்.

"தாய்மாமன் நீ. எஞ்சினியரு வேற. நீ சொன்னா கேப்பா, எடுத்துச் சொல்லுடா தம்பி"ன்னு அக்கா என்கிட்ட தள்ளி விட்டுட்டா.

சரின்னு பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பேச ஆரம்பிக்கறதுக்குள்ள, "மாமா, இதைப் பாருங்க"ன்னு கோபுர வாசல் சுவர்ல வரிசையா இருக்கற ஆடற சிற்பங்களைக் காட்டினா. கரணங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்ற 108 கரணங்களைத் தேடினா தஞ்சாவூர், கும்பகோணம் சாரங்கபாணி, சிதம்பரம், திருவண்ணாமலை, அப்புறம் நம்ம விருத்தாசலம்னு அஞ்சு கோயிலைச் சொல்வாங்க. இந்தக் கரணங்களை ஆராய்ச்சி பண்ணித்தான் பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. இத்தனை வருஷமா பொங்கல் வாங்கத்தான் அந்த வாசல் வழியா போயிருக்கேன் :)

அட்வைஸ் பண்ணப் போனவன் பேசாம திரும்பி வந்தேன். ராத்திரி உட்கார்ந்து, இந்த ஆட்டத்தை வச்சு வாழ்ந்தவங்க என்ன படிச்சாங்க, எங்க கத்துக்கிட்டாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல சந்திரலேகா. சட்டம் படிக்கப் போய் பாதியில விட்டுட்டு, மெட்ராஸ் வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவங்க. அப்புறம் மேடையை விட்டே பல வருஷம் ஒதுங்கி எழுத்து, போஸ்டர் டிசைன், பெண்கள் இயக்கம்னு போய்ட்டாங்க. திரும்பி வந்து 1985-ல 'அங்கிகா' பண்ணும்போது பரதத்தோட யோகா, களரி எல்லாம் சேர்ந்துச்சு. 2006 டிசம்பர்ல இறந்தாங்க. நடுவுல மேடைக்கு வெளிய போன அத்தனை வருஷமும் வீண்னு யாராவது சொல்ல முடியுமா?

அவங்க குழுவுல 1991-ல சேர்ந்தவங்க பத்மினி செட்டூர். பிலானி பிட்ஸ்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க! நம்மாளுங்க அந்தக் காலேஜ் பேரைக் கேட்டாலே எழுந்து நிப்பாங்க. அங்க முடிச்சிட்டு கிட்டத்தட்ட பத்து வருஷம் சந்திரலேகாகிட்ட உழைச்சிட்டு, அப்புறம் தனியா வந்து தன் பாணியில நடனம் அமைக்கறாங்க. அவங்களோட பல வருஷம் வேலை செஞ்ச ப்ரீத்தி ஆத்ரேயா, தனஞ்செயன் தம்பதிகிட்ட பரதம் கத்துக்கிட்டு லண்டன் லாபான்ல நடனத்துல மேல்படிப்பு படிச்சவங்க.

அஸ்தாத் தேபு பம்பாய்ல பி.காம். சின்ன வயசுல கதக், அப்புறம் சரக்குக் கப்பல்ல ஏறிப் போய் லண்டன்ல மார்த்தா கிரஹாம் முறை, திரும்பி வந்து கதகளி. நம்ம சென்னை கிளார்க் ஸ்கூல்ல காது கேக்காத பிள்ளைங்களை வச்சு நடனம் அமைச்சவரும் அவர்தான். 2020 டிசம்பர்ல போய்ட்டார்.

எனக்கு சுரீர்னு பட்டது டிஷானி தோஷி கதை. கவிஞர். சந்திரலேகாவைச் சந்திச்சப்ப வயசு 26. அதுக்கு முன்னாடி டான்சரே இல்ல. 2001-ல வந்த 'சரீரா'வை அப்புறம் பதினஞ்சு வருஷம் ஆடினாங்க. எனக்கு இப்ப 28. "டிகிரி முடிச்சிட்டு வாசிச்சுக்கோடா"ன்னு அப்பா சொன்னதால மூட்டை கட்டி வச்ச மிருதங்கம் இன்னும் பரண்லதான் இருக்கு.

இதையெல்லாம் மறுநாள் சொன்னதும் அக்கா டக்குனு பிடிச்சிக்கிட்டா. "பாத்தியா, அந்தம்மா கெமிஸ்ட்ரி முடிச்சிட்டுத்தானே போச்சு? இவளும் முடிச்சிட்டுப் போகட்டும்."

இங்கதான் நான் மாறுபடறேன். டிகிரி முடிச்சது உண்மை. ஆனா முடிச்சிட்டு வேலையில சேர்ந்து, செட்டில் ஆகி, லீவு நாள்ல ஆடலை. நேரா போய் பத்து வருஷத்தைக் கொடுத்தாங்க. நாம "முதல்ல டிகிரி, அப்புறம் டான்ஸ்"னு சொல்லும்போது அந்த 'அப்புறம்' எப்பவும் வராதுங்கற தைரியத்துலதானே சொல்றோம்? இவங்க படிப்பு ஒவ்வொண்ணும் ஒரு திசை. ஆனா ஒருத்தர்கிட்ட, ஒரு இடத்துல, வருஷக்கணக்கா உடம்பைக் கொடுத்துக் கத்துக்கிட்டதுல எல்லாரும் ஒண்ணு.

அக்கா வீட்டுக்காரர் கேட்டதுதான் நியாயமான கேள்வி. "அவங்கள்லாம் இங்கிலீஷ் பேசற வசதியான வீட்டு ஆளுங்க. நம்ம வீட்ல யாரு சோறு போடறது?" வாயடைச்சுப் போச்சு. சினிமா பக்கம் கை காட்டினேன். பிரபுதேவா ஆடினதைப் பார்த்து ரப்பர் உடம்புன்னு சொன்னோம், அவரும் முறையா பரதம் கத்துக்கிட்டவர்தான். "அவருக்கு அப்பாவே டான்ஸ் மாஸ்டர்"னார். லாரன்ஸ் ஸ்டண்ட் மாஸ்டர் வீட்ல கார் துடைச்சவர், ரஜினி சொல்லித்தான் டான்சர் யூனியன்ல சேர முடிஞ்சுதுன்னு அவரே சொல்லியிருக்கார். "அப்ப ஒரு ரஜினி வேணும்"னார். பாயிண்ட்தான். திறமை இருந்தும் வாசல்லயே நின்னு போனவங்க எத்தனை பேரோ, அவங்களைப் பத்தி யாரும் எழுதறதில்ல.

அதனால "டான்ஸா டிகிரியா"ன்னு கேக்கறதை நிறுத்திட்டு, "யார்கிட்ட, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம், அதுவரைக்கும் வாடகை யார் கட்டறது"ன்னு கேக்கணும்னு தோணுது. இதுக்கெல்லாம் பதில் தேட முடியும். பக்கத்துல கடலூர்ல அரசு இசைப்பள்ளி இருக்கு. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயே பரதம் பட்டமா படிக்கலாம். சென்னையில கலாக்ஷேத்ரா இருக்கு, 1936-ல ஆரம்பிச்சது. அங்க பரதத்துல அடித்தளம் போட்டுட்டு, அப்புறம் களரியோ கன்டெம்பரரியோ தேடிப் போகலாம். மேல சொன்னவங்கள்ல பாதிப் பேர் வந்த வழி அதுதான்.

அக்காகிட்ட நான் சொன்னது: "கவுன்சலிங்குக்குப் போகட்டும், கலாக்ஷேத்ராவுக்கும் அப்ளிகேஷன் போடட்டும். அங்க கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் ஹாஸ்டல் செலவு என்னோடது." பைக் ஈ.எம்.ஐ. முடியப் போற தைரியம்தான் :) அக்கா ஒண்ணும் சொல்லல. தோசையை மட்டும் ஓங்கித் திருப்பினா. பொண்ணு வாசல் வரைக்கும் வந்து, "மாமா, உங்க மிருதங்கத்தை இறக்கித் தரட்டுமா?"ன்னா. அதுக்கு இன்னும் பதில் சொல்லல நான்.

டிஸ்கி: டான்ஸ் தெரிஞ்ச பதிவர்கள், சென்னையில பொம்பளப் புள்ளைங்க தங்கிக் கத்துக்க நல்ல இடம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. "எஞ்சினியரிங்கே சேர்த்து விடு"ன்னு சொல்றவங்களும் வரலாம், ஆனா காரணத்தோட வாங்க.