வரவுக்கு வரி, நிலத்துக்கு?

எல்லா வரிகளையும் எடுத்துவிடுவோம், இறக்குமதிச் சுங்கம் மட்டும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் விழும் ஒவ்வொரு வரவிலும் சிறு விழுக்காடு கழித்தால் போதும், நாடு திருந்திவிடும் என்கிறது அனில் போகிலின் 'அர்த்தகிராந்தி' திட்டம். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பை ஒட்டி அதிகம் பேசப்பட்டது இது.

வங்கிப் பேரேட்டோடு மாரடிப்பவன் சொல்கிறேன். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் கணக்கில் விழும் கூலியிலும் இந்த வரி கழியும். இன்று அந்தக் கூலியை வருமான வரி தொடுவதில்லை. பட்டு முதலாளியின் வரவுக்கும் அதே விகிதம்தானாம்! இதுவா சமத்துவம்?

அண்ணல் அம்பேத்கரும் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்று ஒரு திட்டம் தந்தார். அது நிலத்தில் கைவைத்தது. விவசாயம் அரசுத் தொழில். சாதி பாராமல் கூட்டுப்பண்ணைக்குக் குத்தகை. பண்ணையாரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. கூடவே தனி வாக்காளர் தொகுதியும் கேட்டது. அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

காஞ்சியும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பறிபோன அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

தோழர்களே, எவர் எந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தாலும் விவாதிப்போம். முதல் கேள்வி நம்முடையதாக இருக்கட்டும்: நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?