கிழிந்தது எது?

நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கைக் காட்டி, தூணில்லாக் குவிமாடமே ஆபத்து என்று பேசுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: 2005 ஆகஸ்டு 29 புயலில் விழுந்தது எது? 680 அடி விட்டமுள்ள எஃகுச் சட்டமா? இல்லை! பின்னிக்கிடக்கும் அச்சட்டங்கள் கனத்தை விளிம்புக்குத் தள்ளுகின்றன. பிதுங்க முயலும் விளிம்பை, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைபோல, எஃகு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. கணக்குப் போட்ட பொறியாளனும் சட்டத்தைப் பூட்டிய தொழிலாளியும் பிழை செய்யவில்லை.

பிய்ந்தது மேலே போர்த்திய உறை. மழை ஒழுகியது. யார்மேல்? கார் வைத்திருந்தோர் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டனர். வண்டியற்ற ஏழைகள், பெரும்பாலும் கறுப்பு மக்கள், பஸ் வரும்வரை இருட்டிலும் நாற்றத்திலும் நாட்கணக்கில் கிடந்தனர். பந்தாட்டத்துக்கோ, கூரையைச் செப்பனிட்டு 2006 செப்டம்பரிலேயே அரங்கைத் திறந்துவிட்டார்கள்! வீடிழந்தோரில் பலர் அப்போதும் ஊர் திரும்பியிருக்கவில்லை.