மையவாடி எல்லையில் முள்!

சகோதரர்களே! உங்கள் ஊர் மையவாடிக்கு ஜனாஸாவோடு மட்டும்தானே போகிறீர்கள்? ஒருநாள் சும்மா போய் அதன் எல்லையைச் சுற்றி வாருங்கள், சுற்ற முடிந்தால்! ஆளுயரத்துக்கு மேல் சீமைக் கருவேலம். சர்வே கல் எங்கே? முள்ளுக்குள். அந்த மறைவில் பக்கத்து நிலத்து வேலி எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறதோ!

வக்ஃப் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்று காத்து நின்றது 1995 வக்ஃப் சட்டத்தின் 107ஆம் பிரிவு. 2025 திருத்தச் சட்டம் அந்தக் காவலை எடுத்துவிட்டது. இனி 12 ஆண்டு நாம் தூங்கினால், ஆக்கிரமித்தவன் அனுபவ பாத்தியதை பேசுவான். திருத்தத்தை எதிர்த்துக் கோஷம் போட்ட இளைஞர்களே, கடப்பாரையும் எடுங்கள்!

மேலே வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு தோண்ட வேண்டும். அதுவும் நெற்று பழுக்குமுன். ஆடுமாடு தின்றால் சாணத்தோடு ஊரெல்லாம் விதைத்துவிடும். பொக்லைன் எல்லையோரத்தோடு நிற்கட்டும். கபர்களுக்குப் பக்கத்தில் கைவேலைதான். விறகைக் கரிமூட்டக்காரரிடம் விலை பேசுங்கள், வாடகைக்கு உதவும். குறைவதைக் கடைவீதி வியாபாரிகள் தரமாட்டீர்களா?

முள் போனதும் முத்தவல்லியை முன்வைத்து, சர்வேயரை அழைத்து அளந்து, அன்றைக்கே கல் ஊன்றிவிடுங்கள்.