இறுகியிருப்பது யாருடைய மதி?

ஓட்டிசத்துக்குத் தமிழில் ஆக்கப்பட்ட கலைச்சொற்களுள் ‘மதியிறுக்கம்’ பரவலாக வழங்குகின்றது. கலைச்சொல்லாக்கத்தைப் பெருமையோடு பேசும் இத்தகைய மலரில் அச்சொல்லுக்கெதிராக எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. மூலச்சொல் ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க அடியிற் பிறந்தது. 1911இல் புளொய்லர் அதனை வேறோர் உளநோயின் கூறொன்றைச் சுட்டவே கையாண்டார். 1943இல் லியோ கனர் 11 பிள்ளைகளை அவதானித்து எழுதிய கட்டுரையின் பின்னரே அது இன்றைய பொருளை நோக்கித் திரும்பிற்று. அச்சொல்லில் மதியுமில்லை, இறுக்கமுமில்லை. தமிழாக்கியபோது தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிட்டோம்.

மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் என் சித்தியின் மகன் வாழ்கின்றான். வயது ஒன்பது. அவனிடம் உள்ளவை பத்துப் பன்னிரண்டு சொற்களே. ஆயினும் கொழுந்து நிறுக்கும் தராசின் எண்களைப் பிழையின்றிச் சொல்வான். லயத்து அறையொன்றில் ஐவர். சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி. ஓசை மிகும்போது காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பாடசாலையிற் சேர்த்த மூன்றாம் வாரமே, மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடுகின்றதெனக் கூறித் திருப்பியனுப்பினர். 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டு விதி. ஊனத்தைக் காட்டிக் கல்விநிறுவன அனுமதியிற் பாகுபாடு செய்வதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கின்றது. அப்பாடசாலைக்கு இதை எடுத்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை, எனக்குந்தான்.

சித்தியைக் குறைகூறாதார் இல்லை. கர்ப்பத்திலே கிரகணம் பார்த்தாள் என்றார் மாமியார். படித்த ஒருவரோ, தாய் மலைக்குப் போய்ப் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டதாற் பாசம் குன்றியதென்றார். இது 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் நூலெழுதிப் பரப்பி, பின்னர் ஆய்வுலகம் கைவிட்ட பழி. கிரகணக் கதையைச் சிரித்துத் தள்ளும் எம்மவர் இதனை அறிவியலென்று தலையசைத்துக் கேட்பர்.

இது வசதிபடைத்தோர் வீட்டு விவகாரம் என்போருமுளர். ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு, 93 பேருக்கு ஒருவர் என்பதாகும்.

பேச்சுப் பயிற்சிக்கென நகரம் செல்லும் ஒவ்வொரு முறையும் சித்தி ஒருநாட் சம்பளத்தை இழக்கின்றார். அங்கு பயிற்றியவருக்குத் தமிழ் தெரியாது. பத்துத் தமிழ்ச் சொற்களோடு வந்த பிள்ளைக்குச் சிங்களத்திற் பேச்சுப் பயிற்சி! மொழியுரிமை பற்றி மேடைதோறும் முழங்கும் சங்கங்கள், எமது சங்கம் உட்பட, இதனை ஒரு மொழிப்பிரச்சினையாக என்றேனும் கருதியதுண்டா? பேச்சுச் சிகிச்சையாளரான தமிழர் எத்தனை பேர் மலையகத்துக்கு வேண்டும் என்று கேட்டதுண்டா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்விழாவுக்கு ஊரே திரளும். ஐந்து தேர்கள் வீதிவலம் வரும். சித்தி வீட்டிலேயே இருப்பார். மேளத்தை நிறுத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. கூட்டம் சேருமுன் ஒரு தரிசனவேளை, ஒலிபெருக்கி எட்டாத ஒரு மூலை, உற்றுப்பார்க்காத கண்கள். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

எமது கலைவிழாவுக்குத் தம்பியைக் கூட்டிவரலாமா என்று சென்ற மாதம் சித்தி கேட்டார். மண்டபத்தின் ஒலிபெருக்கிகளையும், பின்வரிசையில் எழும் விசிலையும், இடைவெளியில் அவன் கத்தினால் திரும்பப்போகும் எம் தலைகளையும் எண்ணிப் பார்த்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை.