தாத்தாவுக்குக் கட்டுப்பாடு, கண்ணனுக்குக் கட்டளை!

சிவப்பு அங்கி, வெண்பஞ்சுத் தாடி, தோளிலே ஒரு மூட்டை! டிசம்பர் மாதம் வந்தால் பள்ளிக்கூடங்களிலே சின்னஞ்சிறு பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் இந்த வேடத்தைக் கண்டு, கல்வி அதிகாரிகள் கலங்கினர் என்று சொன்னால் நம்புவது அரிது. ஆனால் நடந்தது.

பாரதிய ஜனதா ஆளும் மத்தியப் பிரதேசத்திலே, ஷாஜாபூர் மாவட்டக் கல்வி அதிகாரி 2023 டிசம்பரில் தனியார் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை ஒன்று விடுத்தார். பெற்றோரின் எழுத்துமூல அனுமதி இன்றி எந்தப் பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமோ, கிறிஸ்துமஸ் மரம் போன்ற வேடமோ போடக்கூடாது; புகார் வந்தால் நடவடிக்கை பாயும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு டிசம்பரில் அம்மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் அதே பல்லவியைப் பாடிற்று.

பெற்றோரின் அனுமதி கேட்பது குற்றமா என்று நம்மைக் கேட்பார்கள். குற்றமே அல்ல. அந்தக் கொள்கையை நாம் இரு கரம் நீட்டி வரவேற்கிறோம்! பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தகப்பன், அவனைப் படிக்கத்தான் ஒப்படைக்கிறானே தவிர, மதம் மாற்றவோ மதம் ஏற்றவோ ஒப்படைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 28-வது விதி இதைத்தான் சொல்கிறது. முழுக்க முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. சர்க்காரின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் பள்ளியில், காப்பாளரின் சம்மதம் இன்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக்கூடாது.

நல்ல விதி. ஆனால் அது டிசம்பரில் மட்டும் விழித்து, ஆகஸ்டில் உறங்கிவிடும் விதியா? அதே மத்தியப் பிரதேச சர்க்கார் 2024 ஆகஸ்டில் என்ன செய்தது? கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டிக் கல்விக்கூடங்களிலே கண்ணனின் கல்வி, நட்பு, வாழ்க்கைத் தத்துவம் பற்றிச் சொற்பொழிவுகளும் கலை நிகழ்ச்சிகளும் நடத்த வேண்டுமென்று உத்தரவிட்டது! தாத்தாவுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். கண்ணனுக்கோ சர்க்காரின் கையெழுத்தே போதும்! இதற்குப் பெயர் நீதியா, தோழர்களே?

"கண்ணன் நம் பண்பாடு, தாத்தா அந்நிய மதம்" என்று விடை வரும். வரட்டும், அதையும் உரைத்துப் பார்ப்போம். நிக்கொலாஸ் என்ற பாதிரியார் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா நகரத்தில் பிஷப்பாக இருந்தவர். நாலாம் நூற்றாண்டினர் என்பர். அவர் பெயரில் பிறந்த தாத்தாவுக்கு இன்றைய கொழுகொழு உருவத்தைத் தந்தவர்களில் ஒருவர், அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட். 1931 முதல் கொக்கோ கோலா விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகெங்கும் பரப்பின. ஆக, பள்ளிக்கு வருகிற தாத்தாவிடம் பாதிரியாரைவிடப் பண்டம் விற்கும் வணிகரின் சாயலே மிகுதி. பண்பாடு என்று சொல்லிக் கண்ணன் தப்பலாம் என்றால், வியாபாரம் என்று சொல்லித் தாத்தாவும் தப்பலாமே! இருவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்பதே நம் வாதம்.

வேடம் போடச் சொல்வது ஒரு புறம் இருக்க, உடையைக் களையச் சொன்ன கதை மறுபுறம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2022 பிப்ரவரியில், அன்றைய பாரதிய ஜனதா சர்க்காரின் சீருடை உத்தரவைக் காட்டி, தலையில் முக்காடிட்ட முஸ்லிம் பெண்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மார்ச் 15-ல் உயர்நீதிமன்றம் உத்தரவை ஏற்றது. அக்டோபர் 13-ல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு அளித்தனர். வழக்கு ஒரு பக்கம் நடக்க, மாணவியர் இழந்த வகுப்புகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இதற்கு முன்னே 1985-ல் கேரளத்தில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, தம் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த 3 பிள்ளைகள் பள்ளியை விட்டு நீக்கப்பட்டனர். உச்சநீதிமன்றம் 1986-ல் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. பிறரைப் புண்படுத்தாத ஒரு பிள்ளையின் மனச்சான்றைப் பள்ளிக்கூடம் நெரிக்கலாகாது என்பதே அதில் நாம் கற்கும் பாடம்.

அப்படியானால் சாதிக் கயிறு? 2023-ல் நாங்குநேரியில் மாணவர் மீது நடந்த சாதி வெறித் தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டுமென 2024-ல் பரிந்துரைத்தது. முக்காட்டுக்கு ஒரு நியாயம், கயிற்றுக்கு ஒரு நியாயமா என்று மடக்குவோர் உண்டு. முக்காடு, அணிகிற பெண்ணின் நம்பிக்கையோடு நிற்கிறது. சாதிக் கயிறோ, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து "நீ தாழ்ந்தவன்" என்கிறது. முன்னது உரிமை, பின்னது மிரட்டல்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மாறுவேடப் போட்டி என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், ஆலையிலே உழைத்துக் கூலி வாங்குகிறவன் வாடகை உடைக்கு எங்கே போவான்? பணக்காரப் பிள்ளை பட்டுடுத்தி மேடை ஏற, ஏழைப் பிள்ளை மூலையிலே நிற்கவா சீருடை கொண்டுவந்தோம்? முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி, "காட்டுவாசி" என்று கைதட்டுகிறார்களே, அந்த வகுப்பிலே பழங்குடிப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் அதன் உள்ளம் என்ன பாடுபடும்?

எனவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிலே, பெற்றோர் ஆசிரியர் கழகத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: எந்த மதத்து வேடமாயினும் பெற்றோரின் சம்மதம் ஒன்றுபோல் வேண்டும், மறுக்கும் பிள்ளைக்குத் தண்டனையோ கேலியோ கூடாது, வேடச் செலவு ஏழையின் தலையில் விழக்கூடாது, எந்த இனத்தையும் தொழிலையும் இழிவுபடுத்தும் வேடம் மேடை ஏறக்கூடாது.

தாத்தாவுக்கும் கண்ணனுக்கும் ஒரே சட்டம்! அதை ஏற்க மறுப்பவர்கள் காக்க விரும்புவது பிள்ளைகளின் உரிமையை அல்ல என்பதை நாடு அறிந்துகொள்ளட்டும்.