முத்திரையில்லாக் கண்ணாடி

காலபோக விதைப்புக்கு முன் பூநகரிக் கமக்காரன் தேடுவது நல்ல விதைநெல்லை. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பான். பல்லிடையே கடித்தும் பார்ப்பான். பதர் எது, மணி எது என்பதை அவன் கண்டுகொள்வான். ஆனால் அந்நெல்லில் இனக் கலப்பு எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை மணி முளைக்கும் என்பவற்றை உள்ளங்கை சொல்லாது. கதிர் வெளிவரும் நாளில்தான் கலப்பு வெளியாகும். அதற்குள் ஒரு போகம் கைநழுவிப் போயிருக்கும். இதனாலன்றோ விதை அத்தாட்சிப்படுத்தல் என்னும் ஏற்பாடு தோன்றியது! 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டமும் அதற்காகவே பிறந்தது. மூட்டையின் வாயிற் கட்டிய சான்றுச் சீட்டைக் கமக்காரன் நம்புவது, தன் கண்ணால் காண முடியாத ஒன்றை அவனுக்காக வேறொருவர் கண்டு உறுதி கூறியிருக்கின்றார் என்பதனாலேயே.

கமக்காரனுக்கு விளங்கிய இந்த உண்மை, இன்று நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பஸ் வண்டிகளிலும் பொருத்தப்படும் கண்ணாடிக்கும் பொருந்தும் என்பதை எடுத்துக் கூறவே இவ்வாரம் எழுதுகின்றோம்.

பூநகரி மாறி வருகின்றது. கேரதீவுத் துறையில் பாதைக்குக் காத்திருந்த காலம் போய், 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. மன்னார் வீதியும் யாழ்ப்பாணமும் இணைந்தன. போர் தின்ற கூரைகளுக்குப் பதிலாகப் புதுக் கூரைகள் எழுந்தன. மரக் கதவு இருந்த இடத்தில் இன்று அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வந்துவிட்டன. கடைக்கு முகப்பு கண்ணாடி. வங்கிக்கு வாயில் கண்ணாடி. கச்சான் காற்று வெட்டவெளியிலே தடையின்றி வீசும் ஊரில், தாழ்ப்பாள் நழுவிய ஒரு கண்ணாடிக் கதவு எவ்வளவு வேகத்தோடு அடித்துக்கொள்ளும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கதவு உடையும்போது எவ்வாறு உடையும் என்பதே கேள்வி.

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் வாள் போன்ற நீண்ட துண்டங்களாகின்றது. கழுத்தையும் மணிக்கட்டையும் அறுப்பவை அத்துண்டங்களே. பாதுகாப்புக் கண்ணாடி இருவகைப்படும். ஒன்று, கடினப்படுத்திய கண்ணாடி. வெட்டித் துளையிட்டு முடித்த தகட்டை 600 பாகை சதமளவைக்கு மேல் சூடாக்கி, உடனே கடுங்காற்றைப் பாய்ச்சிக் குளிரச் செய்வார்கள். மேற்பரப்பு முன்னே இறுகும். உட்புறம் பின்னே இறுகி மேற்பரப்பை அழுத்தி வைத்திருக்கும். இதனால் அதன் பலம் நான்கைந்து மடங்காகின்றது. உடைந்தாலும் கூரற்ற சிறு மணிகளாக உதிர்கின்றது. மற்றையது, அடுக்குக் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கிடையில் பிளாஸ்திக் படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தை விட்டு அகலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான எதுவார் பெனடிக்டஸ், தம் ஆய்வுகூடத்தில் கீழே விழுந்த குடுவையொன்று விரிசல் கண்டும் சிதறாதிருந்ததைக் கவனித்தார். உள்ளே காய்ந்து படிந்திருந்த செலுலோசுப் பசையே அதன் காரணமென உணர்ந்து, 1909 இல் அடுக்குக் கண்ணாடிக்கு உரிமம் பெற்றார். இன்று மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடி அவ்வழி வந்ததே.

கடினப்படுத்தியதும் கடினப்படுத்தாததும் சட்டத்தில் பொருத்தி நிற்கையில் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். உடைத்துப் பார்த்தால் தெரியும். சர்வதேச நியமங்களும் அதையே செய்கின்றன. தகடொன்றைக் குத்தி உடைத்து, ஐந்து சென்ரிமீற்றர் சதுரத்துள் அகப்படும் மணிகளை எண்ணுகின்றனர். பொதுவாக நாற்பதுக்குக் குறைந்தால் அது தேறாது. மணல் மூட்டை போன்ற பாரத்தை ஊசலாக்கி மோதவிடுகின்றனர். உருக்குக் குண்டை உயரத்திலிருந்து போடுகின்றனர். அடுக்குக் கண்ணாடியைக் கொதிநீரிலிட்டுப் படலம் விலகுகின்றதா என்று பார்க்கின்றனர்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். சோதிக்கப்பட்ட கண்ணாடி விற்பனைக்கு வருவதில்லை, அது உடைந்துபோயிற்று. விற்பனைக்கு வரும் கண்ணாடி சோதிக்கப்படுவதில்லை. சோதித்தால் அதுவும் உடையும். முளைத்துப் பார்த்த நெல்லை விதைக்க முடியாதது போன்றதே இதுவும். ஆகவே தரச் சான்று என்பது ஒரு தகட்டின் சரித்திரமன்று. அதைச் செய்த தொழிற்சாலையின் ஒழுக்கத்துக்குக் கொடுக்கப்படும் சாட்சியம். உலையின் சூடு நாள்தோறும் பதியப்படுகின்றதா, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து உடைக்கப்படுகின்றதா, பரிசோதகர் முன்னறிவிப்பின்றி வந்தாலும் கணக்கு ஒத்துப்போகின்றதா என்பவற்றை இடையறாது கண்காணிக்காத முத்திரை வெறும் மை. ஒரு தடவை பெற்ற கடதாசியைச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிடுவது தரச் சான்றாகாது.

சட்டம் என்ன கூறுகின்றது? 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவன் தன் தேவையை எடுத்துரைத்து, விற்பவனின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குத் தகுதியாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை உட்கிடையாக உண்டு. நல்ல சட்டமே. ஆனால் அது செயற்படுவது கண்ணாடி உடைந்த பின்னர். கை அறுந்த பின்னர். வழக்கு வைத்த பின்னர். அறுந்த நரம்பை நட்டஈடு ஒட்டவைக்குமா? நிகழுமுன் காப்பதற்கே நியமச் சட்டங்கள் எழுந்தன. 1964 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் நியமப் பணியகம் உருவாயிற்று. 1984 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் அதை இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக்கியது, எஸ்.எல்.எஸ். முத்திரை வழங்கும் அதிகாரம் அதனிடமே உண்டு. அந்நிறுவனத்தின் நியமங்களை ஏற்று வணிகர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அளித்தது. ஆய்வுகூடங்களின் தகுதியை மதிப்பிட 2005 இல் தராதர அங்கீகாரச் சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அச்சட்டம் பூநகரி வரை நடந்து வருகின்றதா என்பதே நம் கேள்வி.

அண்டை நாட்டைப் பார்ப்போம். இந்தியா 1947 இலேயே நியம நிறுவனம் கண்டது. 1952 இல் முத்திரைச் சட்டம் இயற்றியது. 2020 இல், பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையைப் பிறப்பித்தது. தொழிலகங்களுக்கு அவகாசம் வேண்டி நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டதெனினும், முத்திரையில்லாச் சரக்குக்குச் சந்தையில் இடமில்லை என்னும் கொள்கை நிலைநாட்டப்பட்டது. அவ்வாணை வெளிநாட்டு உற்பத்தியாளருக்கும் பொருந்தும். 1998 இல் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை சுங்கத் தீர்வையைக் குறைத்திருக்கலாம். ஆனால் தீர்வை நீங்கிய வாசலிலே முத்திரை கேட்பவன் நிற்கின்றான். தலைமன்னாருக்கு அக்கரை எட்டிய தூரமாயினும், முத்திரையற்ற கண்ணாடிக்கு அது ஏழு கடலுக்கு அப்பாலுள்ளது.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. கண்ணாடியின் முதற்பொருள் சிலிக்கா மணல். வடமராட்சி கிழக்கில் அம்பன் பகுதியிலே அம்மணல் உண்டென்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரிலே நின்றுபோனதையும் நம் மக்கள் மறக்கவில்லை. 2025 இல் பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களிலே கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. பூநகரியிலே பெருஞ் சூரிய மின்திட்டம் அமைக்கும் யோசனையும் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. சூரியத் தகட்டின் முகம் கடினப்படுத்திய கண்ணாடியே. நூறு மெகாவாற்றுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் தகடுகள் தேவைப்படும். அவற்றில் ஒன்றையேனும் வன்னி இளைஞன் செய்வானா, அல்லது பிறர் செய்ததைத் தூக்கிச் சுமப்பது மட்டுமே அவன் பங்கா? மணலை ஏற்றி அனுப்பச் சான்றிதழ் தேவையில்லை. கண்ணாடியை விற்கச் சான்றிதழ் தேவை. சான்றிதழ் எட்டாத நாடு மூலப்பொருள் விற்கும் நாடாகவே இருந்துவிடும்.

சான்றளிக்கும் நிறுவனத்தின் தலைமையகமும் ஆய்வுகூடங்களும் கொழும்பிலே. பூநகரியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி மாதிரியை லொறியிலேற்றி, உடையாமற் கொண்டுசேர்த்து, அங்கே உடைத்துக் காட்ட வேண்டும்! விண்ணப்பமும் நியம நூலும் விளங்காத மொழியிலிருந்தால் தூரம் இரட்டிப்பாகின்றது. 1988 இன் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழை நிர்வாக மொழியாக்கியது. அவ்வுரிமை கச்சேரிப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடக் கூடாது. தொழில்நுட்ப நூலுக்குள்ளும் அது புக வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. கட்டாயம் வந்தால் சிறு பட்டறைகள் மூடப்படும், பரிசோதகர் கைநீட்டுவார் என்பர். இது வெறும் சாட்டன்று, நாமும் அஞ்சுவதே. ஆனால் வாடியடிச் சந்தியிலே அலுமினியப் பட்டறை வைத்திருப்பவர் கண்ணாடியைக் கடினப்படுத்துபவரல்லர், வாங்கிப் பொருத்துபவர். சான்றின் பாரம் உலை வைத்திருப்பவன் மீதே விழ வேண்டும். பொருத்துபவர் செய்ய வேண்டியது, முத்திரையுள்ளதை வாங்கி, பற்றுச்சீட்டைப் பேணுவது மட்டுமே. கைநீட்டுவதற்கு மருந்து சான்றை ஒழிப்பதன்று. அருகில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமும், பகிரங்கமாக வெளியிடப்படும் முடிவுகளுமே.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, கதவுகள், பொதுக் கட்டடங்கள், பயணிகள் வண்டிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக் கண்ணாடிக்கு, இறக்குமதியாயினும் உள்நாட்டு உற்பத்தியாயினும் ஒரே நியமமும் அழியா முத்திரையும் கண்டிப்பாக அமுலாக்கப்பட வேண்டும். இரண்டாவது, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தைத் துணையாகக் கொண்டு, சர்வதேச 17025 ஆம் இலக்க நியமப்படி அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் ஒன்று இம்மாவட்டத்திலே அமைக்கப்பட வேண்டும். மூன்றாவது, நியமங்களும் விண்ணப்பங்களும் தமிழிலே கிடைக்க வேண்டும். நான்காவது, பிரதேச சபைகள் தம் கேள்வி அறிவித்தல்களிலும் கட்டட அனுமதிகளிலும் முத்திரையுள்ள கண்ணாடியையே கோர வேண்டும். இந்த நான்காவதற்குக் கொழும்பின் தயவைக் காத்திருக்க வேண்டியதில்லை.

மக்களும் தம் கடமையைச் செய்ய வேண்டும். நீங்கள் ஏறும் பஸ் வண்டியின் முன்கண்ணாடி மூலையைப் பாருங்கள். 1958 ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைவழி வந்த '43 ஆர்' என்னும் குறியோ, செய்த நாட்டின் நியமக் குறியோ அங்கே பதிந்திருக்கும். அதே குறியைக் கதவுக் கண்ணாடியிலும் கேளுங்கள். கடினப்படுத்தியதென்று கூறி உங்கள் முன்னாலேயே அளவுக்கு வெட்டித் தர ஒருவர் முன்வந்தால், அது கடினப்படுத்தியதன்று. கடினப்படுத்திய கண்ணாடி வெட்டப்படின் நொறுங்கிப்போகும். பொறியியலாளர் தம் வரைபடத்திலும், அதிபர் தம் கட்டளைச் சீட்டிலும் நியம இலக்கத்தை எழுதட்டும்.

சீட்டில்லா விதைநெல்லை வயலிலே தூவ மறுக்கும் கமக்காரன், முத்திரையில்லாக் கண்ணாடியைத் தன் குழந்தை படிக்கும் வகுப்பறையில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கெட்ட விதையால் ஒரு போகம் போகும். மறு போகம் வரும். கண்ணாடி அறுத்த கைக்கு மறு போகம் இல்லை.