ஆட்டக்காரர் தகவலாளியா, ஆசானா? – மலைப்புலையாட்டத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டிக்கு உரியனவாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் பளியர் நடனமும் மலைப்புலையாட்டமும் இடுக்கி மாவட்டத்தன. இருளர் நடனம் பாலக்காட்டு அட்டப்பாடியது. மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் வாழும் மலைப்புலையர் தமிழ் சார்ந்த பேச்சுவழக்கினர். மாரியம்மன் விழாவில் உறுமி, கிடிமுட்டி, குழல் ஆகியவற்றின் கதிக்கேற்ப அவர்கள் ஆடுவதே மலைப்புலையாட்டம். இதுகாறும் அச்சமூகத்திற்குள் மட்டும் கைமாறி வந்த இவ்வாட்டம், இன்று பிற மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்படுகிறது.

இதனை நாட்டார் வழக்காற்றியலார் சிலர் ஏற்பதில்லை. கற்பிக்கத் தொடங்கியதும் கலை இறுகிவிடுகிறது என்பது அவர்தம் வாதம். விழாக்களத்தில் ஆடுவோர் களைக்கும்வரை நீளும் ஆட்டம், மேடையில் நிமிடக் கணக்கிற்குள் அடைபடுகிறது. சுற்றி நிற்போர் அனைவருக்குமான ஆட்டம் நடுவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. இவ்விழப்பு உண்மையே. ஆயின் இது போட்டியால் விளைந்த கேடு. இதனைக் கற்பித்தலின் தலையில் ஏற்றுவது பொருந்தாது.

கற்பித்தல் கலைஞனுக்கு என்ன செய்கிறது என்பதைப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கணக்கிட்டே கூறியுள்ளார். ஆசிரியரிடமிருந்து பெறுவது காற்கூறு; உடன் பயில்வோரால் பெறுவது மற்றொரு காற்கூறு; எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு உரைப்பதனாலேயே நிரம்பும். புலமையின் செம்பாதி கற்பித்தலில் உள்ளது என்பது இதன் கருத்தாகும். இந்நூற்பாவைத் தேர்வுக்கு மனனம் செய்விக்கும் தமிழ்த்துறைகள் அதனைத் தம் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நூற்பாவின் உண்மையை ஆட்டக்களத்தில் வைத்துக் காணலாம். ஊரில் பிள்ளை, வரிசையின் கடைசியில் நின்று பார்த்துப் பார்த்தே ஆடக் கற்கும். எவரும் பாடம் சொல்வதில்லை. வெளியூர்ப் பிள்ளைக்குக் கற்பிக்க நேரும்போதுதான், உறுமியின் எந்த அடிக்கு எந்தக் கால் பெயர்கிறது என்பதை ஆட்டக்காரர் பிரித்துச் சொல்ல வேண்டியவராகிறார். அதுவரை காலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது இப்போது அவர் வாய்க்கும் வந்தாக வேண்டும். பிரிக்கத் தெரிந்தவருக்கு வேறுவகையில் கூட்டவும் தெரியும். புதிய அடவு இவ்வாறு தோன்றுவதற்கு வழியுண்டு. மறுதலையாக, ஆடுவதை நிறுத்திவிட்ட ஒருவர் கற்பிக்கும்போது இப்பிரிப்பு மட்டுமே எஞ்சும், ஆட்டம் எண்ணிக்கையாகிவிடும். ஆகவே, கற்பிக்கலாமா என்பதைவிட யார் கற்பிப்பது என்பதே எழுப்பத்தக்க வினா.

அரங்கேற்று காதை இதற்கு விடை தந்துள்ளது. மாதவியின் ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின்னால் இளங்கோவடிகள் நிறுத்தும் ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் தத்தம் தொழிலில் வல்லோராகவே வருணிக்கப்படுகின்றனர்.

அண்மைக்காலச் சான்றுகளும் உள. கே.சி.எஸ். பணிக்கர் 1957 முதல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்தார். சொற்களும் குறியீடுகளும் கலந்த அவரது புகழ்பெற்ற ஓவிய வரிசை அப்பணிக்காலத்திலேயே, 1963 அளவில் தொடங்கியது. கற்பித்தல் படைப்பாளியை வற்றச் செய்யும் என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும். நாடகத்துறையில் சே. இராமானுஜம், ஜி. சங்கரப்பிள்ளையோடு இணைந்து காந்திகிராமத்தில் 1977இல் நடத்திய பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்பமாக அமைந்தது. அதில் பயின்ற மு. இராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். திருச்சூர் நாடகப் பள்ளியிலும் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த இராமானுஜம், கிரேக்கத் துன்பியலை ஒப்பாரியோடு இணைத்து ‘வெறியாட்டம்’ படைத்தார். வகுப்பறையையும் அரங்கையும் அவர் வேறுபடுத்திக் கொண்டவரல்லர்.

இனித் தமிழ்த்துறைகளின் நிலையை நோக்கலாம். நாட்டுப்புறக் கலை குறித்த முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளில் ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார்? பின்னிணைப்பில், தகவலாளி என்னும் தலைப்பின்கீழ், பெயர், வயது, ஊர் என ஒரு வரியில். அவரிடம் கேட்டெழுதியவர் முனைவராகி, நாட்டுப்புறக் கலைகள் என்னும் தாளைக் கற்பிக்கிறார். அத்தாளுக்கு மூன்று மணிநேர எழுத்துத் தேர்வு. ஒரு தாளக்கட்டைத் தட்டிக் காட்டத் தெரியாத மாணவரும் அதில் முதல் வகுப்பில் தேறிவிடலாம். அறிவு தந்தவர் தகவலாளி, பெற்றவர் ஆசான் என்னும் இப்பகுப்பு புலமை சார்ந்ததன்று. சாதிப் படிநிலையின் சாயல் அதில் படிந்துள்ளது.

விதிகள் இடந்தரவில்லை என்னும் பழைய சமாதானமும் இனிச் செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டுப் பட்டறிவுடைய வல்லுநரை, முறையான பட்டம் இல்லாவிடினும், நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம். உள்ளூர்க் கலைஞர்களை உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான நெறிமுறைகளும் 2023இல் வந்துள்ளன. மேலாண்மைத் துறைகள் இவ்வாய்ப்பின்வழித் தொழிலதிபர்களைத் தேடுகின்றன. தமிழ்த்துறைகள் மறையூர்க்குக் களஆய்வுக்கெனப் பதிவுக் கருவிகளோடு செல்வதை விடுத்து, ஒரு பணியமர்வு ஆணையோடு செல்வதற்கு இன்று எவ்விதியும் தடையாக இல்லை. அவ்வாறு வரும் ஆட்டக்காரர் நடத்தும் தாளுக்கு வினாத்தாளை அவரே அமைக்கட்டும். தேர்வு எழுத்திலா, களத்திலா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.